நாலு சென்டிமீட்டருக்குள்ள ஒரு உலகம்: ஸ்டாம்ப்பும் பணநோட்டும் டிசைன் பண்ணிப் பழகுறது எப்படி

ஸ்டாம்ப் டிசைன் பழக ஆசைப்படுறவங்க நிறைய பேர் பெரிய பேப்பர்ல அழகா ஒரு படம் வரைஞ்சு முடிச்சுட்டு அப்புறமா அதைச் சுருக்கிப் பாக்குறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஒரு மரங்கொத்தியை ரெண்டு வாரம் உக்காந்து இறகு இறகா வரைஞ்சேன், சுருக்கி பிரிண்ட் எடுத்தா பறவையே இல்ல, பழுப்பா ஒரு கறைதான் இருந்துச்சு. அன்னைக்குப் புரிஞ்சதுலேர்ந்துதான் இந்த முழு கைடும் வருது. இந்த வேலைல முடிவுலேர்ந்து பின்னாடி வரணும், கைல வரப்போற அளவு என்ன, அது மேல என்னென்ன அடி விழும், எந்த மெஷின்ல அடிக்கப்போறாங்க, இதெல்லாம் தெரிஞ்ச அப்புறம்தான் பென்சிலைத் தொடணும்.

தேவையான சாமான் ரொம்ப இல்ல. 10 மடங்கு பெருசாக் காட்டுற ஒரு லென்ஸ், 0.1 மில்லிமீட்டர் பேனா ரெண்டு, நல்ல வழவழப்பான பேப்பர், கோடு கோடா வரையுற வெக்டார் சாஃப்ட்வேர் ஏதாவது ஒண்ணு, ஒரு லேசர் பிரிண்டர். லென்ஸ்ல மட்டும் காசு மிச்சம் பண்ணாதீங்க, மத்ததெல்லாம் எப்படியாவது சமாளிச்சுக்கலாம்.

முதல் ஒரு வாரம் வரையவே வேணாம், பாருங்க. கைக்குக் கிடைக்கிற பழைய ஸ்டாம்ப்பை எல்லாம் லென்ஸ் வழியா பாருங்க. சிலதுல வண்ணப் புள்ளிகள் ரோஜாப்பூ மாதிரி வட்டம் வட்டமா சேர்ந்து நிக்கும், அது ஆஃப்செட், அதாவது புத்தகம், போஸ்டர் எல்லாம் அடிக்கிற சாதாரண அச்சு முறை. சிலதுல புள்ளியே இருக்காது, மெல்லிசான கோடுகள் மட்டும் இருக்கும், விரல் நுனியை வச்சுத் தடவினா மை லேசா மேடா தட்டுப்படும், அது செதுக்கின தகட்டுலேர்ந்து அடிச்சது. தகட்டுல பள்ளமா கோடு வெட்டி, அந்தப் பள்ளத்துல மையை நிரப்பி, மேல வழியுறதைத் துடைச்சு எடுத்துட்டு, பேப்பரை பலமா அழுத்துனா அந்தப் பள்ளத்துல இருக்கிற மை பேப்பர்ல ஏறி மேடா நிக்கும். இந்த முறைக்கு இன்டாக்லியோன்னு பேரு. கைல இருக்கிற பணநோட்டுல உருவப்படத்தைத் தடவிப் பாத்தீங்கன்னா பல நோட்டுகள்ல இதேதான் இருக்கும். ஸ்டாம்ப்புக்கும் நோட்டுக்கும் ஒரே ஆளுங்க ஏன் வேலை பாத்தாங்கன்னா காரணம் இதுதான், ரெண்டும் ஒரே தகடு, ஒரே உளி, ஒரே பயம், அதாவது யாராவது இதை காப்பி அடிச்சுடுவாங்களோங்கிற பயம்.

1840ல பிரிட்டன்ல வந்த உலகத்தோட முதல் ஸ்டாம்ப் பென்னி பிளாக், அதையே பாடமா எடுத்துக்கலாம். அகலம் சுமார் 19 மில்லிமீட்டர், உயரம் 22, அவ்வளவுதான். வில்லியம் வையன் செஞ்ச ஒரு மெடல்ல இருந்த விக்டோரியா ராணியோட முகம், அதை சார்லஸ் ஹீத்தும் அவர் மகன் ஃபிரெட்ரிக் ஹீத்தும் தகட்டுல செதுக்கினாங்க. முகத்துக்குப் பின்னாடி பாருங்க, வெறும் கருப்பு இல்ல, மெஷின்ல சுத்தி எடுத்த நுணுக்கமான வலைக்கோடு. முகத்தை எதுக்கு வச்சாங்கன்னா, இலையோ கட்டடமோ கொஞ்சம் மாறினா நமக்குத் தெரியாது, ஆனா தெரிஞ்ச ஒரு முகத்துல உதடு ஒரு இம்மி மாறினாலும் நம்ம கண்ணு உடனே கண்டுபிடிச்சுடும். ஒரு ஷீட்டுக்கு 240 ஸ்டாம்ப், அதுல ஒவ்வொண்ணுக்கும் கீழ் மூலைகள்ல வேற வேற எழுத்து ஜோடி, கள்ளத்தனமா அடிக்கிறவன் ஒண்ணை மட்டும் செஞ்சு அதையே திரும்பத் திரும்ப அடிக்க முடியாத மாதிரி. இவ்வளவு யோசிச்சவங்களுக்கும் ஒரு இடம் தப்பிப் போச்சு. கருப்பு ஸ்டாம்ப் மேல சிவப்பு மைல முத்திரை குத்துனா அது சரியா தெரியல, அந்த சிவப்பைக் கழுவி எடுத்துட்டு ஸ்டாம்ப்பை மறுபடி ஒட்டவும் வழி இருந்துச்சு, அதனால 1841லேயே ஸ்டாம்ப்பை சிவப்பா மாத்தி முத்திரையைக் கருப்பாக்கிட்டாங்க. இதுலேர்ந்து நீங்க எடுத்துக்க வேண்டியது, ஸ்டாம்ப்ங்கிறது மேல முத்திரை குத்தி கெடுக்கப்படுறதுக்காகவே பொறக்கிற ஒரு படம். அதனால நீங்க டிசைன் பண்ணினதும் அது மேல கருப்பா ஒரு வட்டமும் நாலு வளைகோடும் போட்டுப் பாருங்க, அதுக்கப்புறமும் மதிப்பு என்ன, எந்த நாடுன்னு படிக்க முடியுதான்னு பாருங்க.

இப்ப வரையலாம்

பயிற்சிக்கு ஒரு கற்பனை நாட்டுக்குப் பேர் வச்சுக்கோங்க. அளவு 40க்கு 30 மில்லிமீட்டர். பேப்பர்ல முதல்ல இந்த உண்மையான அளவுலேயே பத்துப் பன்னிரண்டு பெட்டி போட்டு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் மொத்தமான பென்சில்ல வெறும் கருப்பு, வெள்ளை, சாம்பல் திட்டுகள் மட்டும் வச்சு யோசனையைப் போடுங்க, விவரமே வேணாம். கையை நீட்டிப் பிடிச்சுப் பாக்குறப்ப எந்தப் பெட்டி கண்ணை இழுக்குதோ அதுதான் உங்க டிசைன். இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது, இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்யாம தாண்டிப் போறவங்கதான் பின்னாடி ரெண்டு வாரத்தை வீணாக்குறாங்க.

அதுக்கப்புறம் நாலு மடங்கு பெருசா, அதாவது 16க்கு 12 சென்டிமீட்டர்ல வரையுங்க. கணக்கு சுலபம், பெரிய படத்துல 0.4 மில்லிமீட்டர் கோடு போட்டா சுருக்கின அப்புறம் 0.1 ஆகும், 600 டிபிஐ பிரிண்டர்ல, அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கிற பிரிண்டர்ல, ஒரு புள்ளி சுமார் 0.04 மில்லிமீட்டர், அப்ப 0.1 கோடுன்னா ரெண்டு மூணு புள்ளிதான், அதுக்குக் கீழ போனா கோடு உடையும் இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல விடுற வெள்ளையும் அதே அளவு முக்கியம், ஏன்னா மை பேப்பர்ல பரவும். ஒவ்வொரு அரைமணி நேரத்துக்கும் ஒரு தடவை சுருக்கி பிரிண்ட் எடுத்துப் பாருங்க, ஸ்க்ரீன்ல சுருக்கிப் பாக்குறது கணக்குல சேராது.

எழுத்து விஷயம். நாட்டுப் பேரும் மதிப்பும் கண்டிப்பா வரணும். வெளிநாட்டுக்குப் போற தபாலுக்கு உலக அஞ்சல் ஒன்றியத்தோட விதிப்படி நாட்டுப் பேரு ரோமன் எழுத்துல இருக்கணும், பிரிட்டனுக்கு மட்டும் முதல்ல ஸ்டாம்ப் போட்ட நாடுங்கிறதால விலக்கு, அங்க அரச தலை இருந்தா போதும். எழுத்தை ஓவியத்துல கடைசியா ஒட்டாதீங்க, முதல் பெட்டியிலேயே அதுக்கு ஒரு இடம் இருக்கணும். ஓரத்துல ரெண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒண்ணுமே முக்கியமா வைக்காதீங்க, ஓட்டை போடுற மெஷின் ஒரு இம்மி தள்ளிக் குத்துச்சுன்னா உங்க எழுத்து பக்கத்து ஸ்டாம்ப்புக்குப் போயிடும்.

எவ்வளவு குறைக்கலாம்னு தெரியணும்னா ஆர்னால்ட் மேச்சின் செஞ்சதைப் பாருங்க. 1967ல பிரிட்டனுக்கு வந்த அந்த ஸ்டாம்ப்ல எலிசபெத் ராணியோட தலையும் ஒரு எண்ணும் தவிர வேற எதுவுமே கிடையாது. அவர் சிற்பி, பிளாஸ்டர்ல புடைப்பா செஞ்சு அதைப் போட்டோ எடுத்துத்தான் ஸ்டாம்ப் ஆச்சு, அதனால ஒரே கலர்லயும் முகத்துக்கு ஒரு ஆழம் வந்துச்சு. அதே காலத்துல டேவிட் ஜென்டில்மேன் வேற ஒரு பக்கம் யோசிச்சார், ராணியோட பெரிய போட்டோ படத்தோட சண்டை போடுது, அதைச் சின்ன நிழலுருவமா ஒரு மூலைல வச்சா படத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்னு. அதுக்கப்புறம் வந்த பிரிட்டிஷ் சிறப்பு ஸ்டாம்ப்கள்ல அந்தச் சின்னத் தலைதான். எனக்கு ரெண்டு பேரையும் பிடிக்கும், ஆனா புதுசா பழகுறவங்களுக்கு மேச்சின்தான் நல்ல வாத்தியார்.

தகவலைச் சரி பாக்குறதும் டிசைன்தான். 1918ல செக்கோஸ்லோவாக்கியா புதுசா பொறந்தப்ப அல்ஃபோன்ஸ் மூக்காதான் முதல் ஸ்டாம்ப்பை வரைஞ்சார், பிராக் நகரத்து ஹ்ராட்சானி கோட்டைக்குப் பின்னாடி சூரியன் உதிக்கிற மாதிரி. அழகுதான், ஆனா அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா கோட்டைக்குப் பின்னாடி சூரியன் உதிக்கவே உதிக்காதுன்னு ஜனங்க சொல்லிட்டாங்க, பின்னால வந்த டிசைன்ல சூரியனை எடுத்துட்டாங்க. அமெரிக்கால 1994ல பில் பிக்கெட்னு ஒரு மாட்டு வீரருக்கு ஸ்டாம்ப் அடிச்சா, போட்டோல இருந்தது அவரோட தம்பின்னு அப்புறமா தெரிஞ்சுச்சு, அச்சடிச்சதைத் திரும்ப வாங்கி மறுபடி அடிச்சாங்க. இன்னொண்ணு இதைவிடப் பெருசு, சுதந்திரதேவி சிலைன்னு நினைச்சு எடுத்த போட்டோ உண்மைல லாஸ் வேகாஸ்ல இருக்கிற பிரதிச் சிலை, அதைச் செஞ்ச சிற்பி வழக்குப் போட்டு 2018ல சுமார் 35 லட்சம் டாலர் அவருக்குக் குடுக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. அதனால ஒரு போட்டோவை மட்டும் நம்பி வரையாதீங்க. மூணு இடத்துலேர்ந்து எடுங்க, யார் எடுத்தது, எப்ப எடுத்தது, யாருக்கு உரிமைன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, படத்துல வர்ற பறவைக்கு எத்தனை விரல், பூவுக்கு எத்தனை இதழ்னு அது தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேளுங்க.

கலர் எத்தனைங்கிறதும் முதல்லயே முடிவு பண்ணணும். ரெண்டு கலரை ரெண்டு தடவையா மெஷின்ல விட்டு அடிச்ச காலத்துல, 1918ல அமெரிக்காவோட 24 சென்ட் ஏர்மெயில் ஸ்டாம்ப்ல ஒரு ஷீட் தலைகீழாப் போயி விமானம் குப்புறப் பறக்குற மாதிரி வந்துச்சு, 100 ஸ்டாம்ப் உள்ள அந்த ஒரே ஷீட்தான் வெளில வந்துச்சு, இன்னைக்கு உலகத்துல ரொம்ப விலை போற ஸ்டாம்ப்ல அதுவும் ஒண்ணு. சேகரிக்கிறவங்களுக்கு அது அதிர்ஷ்டம், டிசைனருக்கு ஒரு எச்சரிக்கை, ஏன்னா ரெண்டு கலர் ஒண்ணோட ஒண்ணு துல்லியமா பொருந்தினாத்தான் படம் நிக்கும்னு வரைஞ்சீங்கன்னா சின்னதா நகர்ந்தாலே அசிங்கமாத் தெரியும். ஒரு கலர் இன்னொரு கலருக்குள்ள கொஞ்சம் ஏறிப் போற மாதிரி விடுங்க.

கோட்டால முகம் வரையுறது

இந்த இடத்துல நிதானமா போகணும், ஏன்னா செதுக்குறவங்களோட கைப்பழக்கம் இதுலதான் இருக்கு. டிசைனர் வேற, செதுக்குறவர் வேற ஆளா இருக்கிறதும் உண்டு. ஆஸ்திரியாவோட 1908 வரிசைக்கு கோலோமான் மோசர் டிசைன் பண்ணார், ஃபெர்டினாண்ட் ஷிர்ன்பாக் செதுக்கினார். இன்னைக்கும் பிரான்ஸ், ஆஸ்திரியா மாதிரி நாடுகளோட பல ஸ்டாம்ப்ல கீழ் ஓரத்துல லென்ஸ் வச்சுப் பாத்தா பொடி எழுத்துல இந்தப் பேருங்க இருக்கும், பழகுறப்ப அந்தப் பேரைத் தேடிப் படிக்கிற பழக்கம் வச்சுக்கோங்க.

செதுக்குறதுல சாம்பல் கலர்னு ஒண்ணு கிடையாது. கோடு இருக்கு, இல்லன்னா இல்ல. நிழல் வேணும்னா கோடு தடிக்கணும் இல்லன்னா நெருங்கணும், வெளிச்சம் வேணும்னா மெலிஞ்சு கடைசில புள்ளியா உடைஞ்சு மறையணும். முதல்ல முகம் வேணாம், ஒரு பந்தை வரையுங்க. பந்தோட வளைவைச் சுத்தி வர்ற மாதிரி கோடு போடுங்க, நேர்கோடு போட்டீங்கன்னா தட்டையாப் போயிடும். அப்புறம் அது மேல இன்னொரு அடுக்குக் கோடு, சதுரம் விழாம சாய்ஞ்ச டைமண்ட் கட்டம் விழுற கோணத்துல. ரொம்ப இருட்டான இடத்துல ஒவ்வொரு டைமண்டுக்குள்ளயும் ஒரு புள்ளி. இது கைக்கு வந்த அப்புறம் மூக்கு, கன்னம், நெத்தி, ஒவ்வொண்ணையும் தனித்தனியா பழகுங்க, கன்னத்துல கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பழைய நோட்டுல பாத்துப் பாத்துப் போடுங்க.

செஸ்லாவ் ஸ்லானியாவைப் பத்தி சொல்லாம இந்தப் பகுதியை முடிக்க முடியாது. போலந்துல 1921ல பொறந்தவர், 1950கள்ல ஸ்வீடனுக்குப் போனார், 2005ல காலமாகுறதுக்குள்ள ஆயிரத்துக்கு மேல ஸ்டாம்ப் செதுக்கிட்டார், பல நாட்டுக்கு நோட்டும் சேர்த்து. 2000ல வந்த அவரோட ஆயிரமாவது ஸ்டாம்ப் ஸ்வீடனுக்கானது, ஏரன்ஸ்ட்ரால்ங்கிற ஓவியர் அரண்மனை கூரைல வரைஞ்ச பெரிய ஓவியத்தை ஒரு ஸ்டாம்ப்புக்குள்ள கொண்டுவந்தது. அந்த ஸ்டாம்ப்பை லென்ஸ்ல பாக்குறப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் மூச்சு நிக்கும். யோசிச்சுப் பாருங்க, உலோகத் தகட்டுல, உண்மையான அளவுலயே, அதுவும் இடம் வலம் மாறி கண்ணாடில தெரியுற மாதிரி வெட்டணும், தப்பா ஒரு கோடு போச்சுன்னா ரப்பர் வச்சு அழிக்க முடியாது, அந்த இடத்தைச் சுரண்டி, பின்னாலேர்ந்து தட்டி மேடாக்கி, மறுபடி வழவழன்னு தேய்க்கணும். அதனால பழகுறப்பவே வாரத்துக்கு ஒரு படமாவது அன்டூ பட்டனே தொடாம, கண்ணாடி பிம்பமா வரைஞ்சு பாருங்க, கை தானா மெதுவாகும்.

இன்னொரு சோதனை, முடிச்ச முகத்தைத் தலைகீழா திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பாருங்க, தெரியாத ஒருத்தர்கிட்டயும் காட்டுங்க. கனடாவோட 1954 நோட்டுல ராணியோட காதுக்குப் பின்னாடி முடிச் சுருள்ல விழுந்த வெளிச்சமும் நிழலும் சேர்ந்து ஒரு பேய் முகம் மாதிரி தெரியுதுன்னு ஜனங்க பேச ஆரம்பிச்சு, கடைசில தகட்டுல முடியைக் கருப்பாக்கித் திருத்த வேண்டியதாச்சு. போட்டோல இருந்ததைத்தான் அப்படியே செதுக்கினாங்க, வேணும்னு யாரும் செய்யல, ஆனா உள்ளயே உக்காந்து பாத்துட்டிருக்கிற கண்ணுக்கு அது தெரியாது.

நோட்டுக்குப் போறப்ப

ஸ்டாம்ப் பழகின அப்புறம்தான் இது. முதல்ல ஒரு கண்டிஷன், உண்மையான எந்த நாட்டு நோட்டையும் பயிற்சிக்குக்கூட காப்பி அடிக்காதீங்க, கற்பனை நாடு, கற்பனைப் பணம், குறுக்கே 'மாதிரி'ன்னு பெருசா எழுதிடுங்க. பல நாட்டு நோட்டுல அஞ்சு சின்ன வட்டம் ஒரு குறிப்பிட்ட அமைப்புல ஒளிஞ்சிருக்கும், அதைப் பாத்ததும் நிறைய கலர் காப்பியர் மெஷின் காப்பி எடுக்க மாட்டேன்னு நின்னுடும்.

நோட்டுல பின்னணி வலைதான் முதல் வேலை, கில்லோஷ்னு சொல்லுவாங்க. வெக்டார் சாஃப்ட்வேர்ல 12 அலை இருக்கிற மூடின ஒரு பூ வட்டம் போடுங்க. அது 30 டிகிரிக்கு ஒரு தடவை அதே இடத்துக்கு வந்துடும், அதனால 3 டிகிரியா திருப்பித் திருப்பி மொத்தம் 10 பிரதி வச்சா இடைவெளி சமமா நிறைஞ்சு வலை மாதிரி ஆயிடும். உள்ள சின்ன ஆரம், வெளில பெரிய ஆரம்னு ரெண்டு மூணு பூவை ஒண்ணுக்குள்ள ஒண்ணு வைங்க. அப்புறம் கோட்டோட கலரை இடது பக்கம் பச்சைல ஆரம்பிச்சு வலது பக்கம் நீலத்துல முடியுற மாதிரி நடுவுல எங்க மாறுதுன்னே தெரியாம மாத்துங்க, மெஷின்லயும் ஒரே தகட்டுல ரெண்டு மையை ஓரத்துல கலக்கவிட்டு இதைச் செய்வாங்க. இதெல்லாம் அழகுக்கு மட்டும் இல்ல, ஸ்கேன் பண்ணினா இந்த மெல்லிசு கோடெல்லாம் புள்ளியா உடைஞ்சு குழம்பிப் போகணும், அதுக்குத்தான். திரும்பச் செய்ய முடியாத கோடு வேணும்ங்கிற யோசனை ரொம்பப் பழசு, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1730கள்லேயே நிஜ இலையோட நரம்பை அச்சுல எடுத்து காகிதப் பணத்துல போட்டார், ஒரு இலையோட நரம்பை யாரால அப்படியே வரைய முடியும்?

அடுத்து முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதின்னு ஒரு சின்ன உருவத்தை உடைச்சு வைங்க, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ரெண்டும் சேர்ந்து முழுசாத் தெரியணும். வீட்டு பிரிண்டர்ல இது பொருந்தவே பொருந்தாது, பரவாயில்ல, ஒரு மில்லிமீட்டர் தள்ளினா என்ன ஆகும்னு கண்ணால பாக்குறதுக்குத்தான் இதைச் செய்யச் சொல்றேன். பொடி எழுத்து போடுறதா இருந்தா, எழுதினவரைத் தவிர மூணு பேர் எழுத்துக்கூட்டிப் படிக்கணும், பின்னாலேர்ந்து முன்னாலயும் படிக்கணும். ஆஸ்திரேலியாவோட 2018 ஐம்பது டாலர் நோட்டுல பொறுப்புங்கிற அர்த்தத்துல வர்ற ஒரு இங்கிலீஷ் வார்த்தைல ஒரு எழுத்து விட்டுப்போயி, அதுவும் மூணு இடத்துல, கோடிக்கணக்குல அச்சான அப்புறம் 2019லதான் வெளில தெரிஞ்சுச்சு.

எதை வரையுறதுங்கிறது நோட்டுல இன்னும் கஷ்டம். யூரோ நோட்டுக்கு 1996ல நடந்த போட்டில ஜெயிச்ச ஆஸ்திரியாக்காரர் ராபர்ட் கலினா முதல்ல உண்மையான பாலங்களை வச்சுத்தான் வரைஞ்சார், ஆனா எந்த நாட்டுப் பாலமும் தனியா தெரியக்கூடாதுன்னு சொல்லிட்டதால எல்லாத்தையும் கற்பனைப் பாலமா மாத்தினார், ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு காலத்துக் கட்டடக் கலை. பின்னாடி நெதர்லாந்துல ஸ்பைக்கெனிஸ ஊர்ல அந்தக் கற்பனைப் பாலங்களை நிஜமாவே கட்டிட்டாங்க. நார்வேயோட 2017லேர்ந்து வந்த நோட்டுல பின்பக்கம் வெறும் பிக்சல் மாதிரி கட்டங்கள்தான், சின்ன நோட்டுல காத்து மெதுவா வீசுற மாதிரி குட்டைக் கட்டம், பெரிய நோட்டுல பலமா வீசுற மாதிரி நீளமான கட்டம். முழு வரிசைக்கும் ஒரே யோசனை எப்படி ஓடணும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. நெதர்லாந்துக்காரர் ஓட்யே ஆக்ஸனாரோட சூரியகாந்தி போட்ட 1982 ஐம்பது கில்டர் (யூரோவுக்கு முன்னாடி அங்க இருந்த பணம்) நோட்டையும் கட்டாயம் தேடிப் பாருங்க, நோட்டுன்னா இறுக்கமா, பழுப்பா, மீசை வச்ச ஆளோடதான் இருக்கணும்னு யாரும் சட்டம் போடலன்னு அது சொல்லும். அவர் முன்னாடி செஞ்ச, தத்துவஞானி ஸ்பினோசா உருவம் போட்ட நோட்டுல முடிக்கு நடுவுல தன்னோட விரல் ரேகையையே ஒளிச்சு வச்சவர்.

கண்ணு தெரியாதவங்களை மறக்காதீங்க. ஒவ்வொரு மதிப்புக்கும் நீளம் மாறணும், கலர் தெளிவா வேற வேறயா இருக்கணும், எண் ஒரு பக்கமாவது ரொம்பப் பெருசா இருக்கணும், விரலுக்குத் தட்டுப்படுற புள்ளியோ கோடோ ஓரத்துல வேணும். உங்க மாதிரி நோட்டுகளை அளவா வெட்டி, கண்ணை மூடிக்கிட்டு எது எதுன்னு பிரிச்சுப் பாருங்க.

வேலையா எடுக்கணும்னா

ஸ்டாம்ப்புக்கு பல நாட்டு தபால் துறைங்க வெளி ஓவியர்களைக் கூப்பிட்டுக் குடுக்குது, சில நேரம் போட்டி வைக்குது, அதனால புத்தகத்துக்குப் படம் போடுறவங்க, போஸ்டர் செய்யுறவங்களுக்கும் வழி இருக்கு. நோட்டு அப்படி இல்ல, பெரும்பாலும் மத்திய வங்கியோ அச்சகமோ சம்பளத்துக்கு வச்சிருக்கிற ஆளுங்கதான், ஒரு வரிசை முடிய வருஷக்கணக்குல ஆகும், என்ன வேலை பாக்குறோம்னு வீட்டுலகூட சொல்ல முடியாது, வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. தனியாளா செய்யுற வேலையும் இல்ல, பேப்பர் தெரிஞ்சவர், மை தெரிஞ்சவர், மெஷின் ஓட்டுறவர் எல்லாரும் உங்க படத்துல கை வைப்பாங்க. அவங்க வேணாம்னு சொல்ற கோட்டை மனசு நோகாம எடுக்கத் தெரியணும்.

வேலைக்குக் காட்டுறதுக்கு ஃபைல் தயார் பண்றப்ப, ஒவ்வொரு டிசைனுக்கும் முதல்ல போட்ட அந்தக் குட்டிப் பென்சில் பெட்டி, நாலு மடங்கு வரைஞ்சது, உண்மையான அளவுல அச்சானது, முத்திரை குத்தினது, இந்த நாலையும் ஒரே பக்கத்துல ஒட்டுங்க. உண்மையான அளவுல இருக்கிறதை நடுவுல வைங்க, பெரிசு பண்ணினதை ஓரத்துல வைங்க, பாக்குறவங்க லென்ஸை எடுத்தா எடுக்கட்டும்.